பாவு நூல் யாருடையது

2025 மார்ச் 19, ரமலானின் பதினெட்டாம் நோன்பு. கோவை, திருப்பூர் மாவட்டங்களின் கூலித்தறிகள் அன்று நின்றன. பல்லடத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தறி ஓடுவது சத்தமாகவே தெரியாது. அது நின்றால்தான் காதில் விழும். மறுநாள் சஹர் உணவுக்கு எழுந்தபோது தெரு முழுதும் எதையோ இழந்தாற்போல இருந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மோதினார் எங்களை எழுப்பக் குரல் கொடுப்பதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்வது தெளிவாகக் கேட்டது. இத்தனை வருஷமும் செருமிக்கொண்டுதான் இருந்திருப்பார்.

கூலி உயர்வு வேண்டும், ஒப்புக்கொள்ளும் கூலிக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்பது கோரிக்கை. 2022 தொடக்கத்திலும் இப்படியொரு நிறுத்தம் வாரக்கணக்கில் நடந்தது. இந்த முறை ஒரு மாதத்துக்கு மேல் போயிற்று. நோன்பின் கடைசிப் பத்து நாட்களும் லைலத்துல் கத்ரைத் தேடும் ஒற்றைப்படை இரவுகளும் பெருநாளும் அந்த அமைதிக்குள்ளேயே வந்து போயின.

கட்டாயக் கொடையான ஜகாத்தின் கணக்குப் பார்க்கும் நாட்களும் அவைதான். பெரும்பாலோர் ரமலானில்தான் கணக்கை முடிக்கிறார்கள். நிசாப் என்ற அளவு இருக்கிறது: தங்கத்தில் ஏறத்தாழ 87 கிராம், வெள்ளியில் ஏறத்தாழ 612 கிராம். அந்த மதிப்புக்குமேல் ஒரு வருஷம் கையில் தங்கிய செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு இரண்டரை. குழந்தைகூடப் போட்டுவிடக்கூடிய கணக்கு. யாருக்குக் கொடுப்பது என்பதுதான் ஒவ்வொரு வருஷமும் என்னைத் தடுமாற வைக்கிறது. அந்த வருஷம் தடுமாற்றம் அதிகமாகவே இருந்தது.

எங்கள் தெருவில் எட்டுத் தறி வைத்திருப்பவரை ஊர் முதலாளி என்றுதான் கூப்பிடும். தறிக்குடோன் சொந்தமாக இருக்கும், வாசலில் இருசக்கர வாகனம் நிற்கும், பெண்ணைக் கல்லூரியில் சேர்த்திருப்பார். ஆனால் தறியில் ஓடும் நூல் அவருடையது இல்லை. பாவும் ஊடையும் ஜவுளி உற்பத்தியாளரிடமிருந்து வருகின்றன; நெய்து காடாத் துணியாகத் திருப்பிக் கொடுத்தால் கூலி வரும். தறி வாங்கிய கடன், மின்கட்டணம், ஓட்டும் ஆளுக்குச் சம்பளம் எல்லாம் அந்தக் கூலிக்குள் அடங்க வேண்டும். தறி நின்ற மூன்றாம் வாரத்தில் அந்த வீட்டுச் சமையலறையில் என்ன இருக்கும் என்பது பக்கத்து வீட்டுக்காரனுக்கே தெரியாது. ஏழைகளின் பட்டியல் ஒன்றை எழுதச் சொன்னால் அவர் பெயரை ஒருவரும் எழுதமாட்டார்கள். அவரே அந்தப் பட்டியலை எழுதி உதவும் ஜமாத்துக்காரராக இருப்பார்.

குர்ஆனின் பகரா அத்தியாயம் இப்படிப்பட்டவரைப் பற்றிப் பேசுகிறது. தன்மானத்தால் கேட்காமல் இருப்பவரை விவரம் அறியாதவன் வசதியானவர் என்றே எண்ணிவிடுவான், முகக்குறியைக் கொண்டுதான் அவரை அறிய முடியும் என்பது அதன் பொருள். பலமுறை ஓதிய இடம். தறிகள் நின்ற அந்த நாட்களில்தான் அது ஒரு முகவரிபோல எனக்குத் தெரிந்தது. மார்க்கச் சட்டமும் அதே வாசலுக்குத்தான் வருகிறது. தொழில் செய்யும் கருவிக்கு ஜகாத் இல்லை, ஆகவே எட்டுத் தறியின் விலை அவரைச் செல்வந்தராக்காது. ஜகாத் பெற உரிமையுள்ளவர்களாகக் குர்ஆன் எண்ணிச் சொல்லும் எட்டு வகையினரில் கடனில் சிக்கியவரும் ஒருவர். ஊர் முதலாளி என்று அழைக்கும் ஒருவர் சட்டத்தின் கண்ணில் ஜகாத்துக்கு உரியவராக இருக்கலாம். இதை அவரிடம் யார் போய்ச் சொல்வது? எந்த முகத்தோடு?

இங்கேதான் இக்லாஸ் என்ற சொல் எனக்கு முக்கியமாகிறது. கலப்பில்லாத எண்ணம் என்று பொருள் சொல்வார்கள். நிய்யத் சுத்தமாக இருக்க வேண்டும், முகத்துதி கூடாது என்று ஜும்மா பயானில் கேட்டே வளர்ந்தோம். அந்த முகத்துதிக்குப் பெயர் ரியா. கேட்டதெல்லாம் கொடுப்பவனின் நெஞ்சைப் பற்றியதாகவே இருக்கும்: அவன் நன்மை அழிந்துபோகும், அவன் கூலி குறைந்துபோகும். அந்தப் பேச்சில் வாங்குபவரின் முகம் வருவதே இல்லை. மறைத்துக் கொடு என்ற கட்டளை கொடுப்பவனின் நன்மையைக் காப்பாற்ற மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வாங்குபவர் நாளை தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும், அதற்காகவும்தான். தர்மத்தை வெளிப்படையாகச் செய்தாலும் நல்லது, மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் அதைவிட நல்லது என்று சொல்கிற அதே அத்தியாயம், கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவதையும் மனம் புண்படுத்துவதையும் சேர்த்தே கண்டிக்கிறது. அப்படிக் கொடுத்தவனுக்கு அது காட்டும் உவமை: வழுக்குப் பாறைமேல் படிந்த மண், ஒரு பெருமழை, பிறகு வெறும் பாறை. கொங்கு நாட்டில் அந்தப் பாறையைப் பார்க்காதவர் இல்லை.

என் பாட்டியான நன்னிமாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அரபு எழுத்துக்களை விரலால் தடவி ஓதுவார், அவ்வளவுதான். அத்தா எட்டுத் தறி ஓட்டிய காலத்தில் எங்கள் வீட்டிலிருந்து அடிக்கடி ஒரு தூக்குப்போசி வெளியே போகும். கொண்டுபோவது நான்தான்.

"கண்ணு, ஆக்குனது மிஞ்சிப்போச்சு, கெட்டுப்போயிரும்னு நன்னிமா குடுத்துவிட்டாங்கன்னு சொல்லு. போசிய வாங்கிட்டுப் போறேன்னு அங்கயே நிக்காத. பொறவு வாங்கிக்கலாம்."

மிஞ்சிப்போயிற்று என்பது பொய்யாகிவிடக் கூடாதே என்று உலையில் இரண்டு கைப்பிடி அரிசி கூடவே போட்டிருப்பார். போசி பின்வாசல் வழியாகப் போகும். அதற்கு மறுநாள், சில சமயம் அன்று மாலையே, நன்னிமா அதே வீட்டின் முன்வாசலில் போய் நிற்பார்.

"ஏனுங்கம்மா, உங்க மொறத்தைக் கொஞ்சம் குடுங்க. பொடைச்சுட்டுக் குடுத்துவிடறேன்."

எங்கள் வீட்டில் முறம் இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. ஒருநாள் கேட்டேவிட்டேன். நன்னிமா என்னைப் பார்த்து, "இருந்தா என்ன, கண்ணு?" என்று மட்டும் சொன்னார். அந்த முறத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது தெருவுக்கே கேட்கிற மாதிரி, "உங்க மொறம் இல்லீனா இன்னைக்கு வேலையே ஓடியிருக்காதுங்க" என்பார். கொடுத்தபோது வாயே திறக்கவில்லை, வாங்கியபோது ஊர் கேட்க வாங்கினார்.

மதரஸாவில் மாஊன் அத்தியாயத்துக்கு ஹஜ்ரத் பொருள் சொன்ன நாள் நினைவிருக்கிறது. ஏழு வசனம் கொண்ட சிறிய அத்தியாயம். தொழுகையைப் பிறர் பார்க்கச் செய்பவர்களையும் மாஊனைத் தர மறுப்பவர்களையும் ஒரே மூச்சில் எச்சரிக்கிறது. மாஊன் என்றால் வீடுகளுக்குள் இரவல் போய்வரும் சிறு சாமான்கள், பானை, வாளி, கோடரி போன்றவை என்று முற்கால விரிவுரையாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். எனக்கு முறம் ஞாபகம் வந்தது. இல்லாத வீட்டிலும் மாஊன் இருக்கும். அதைக் கேட்டு வாங்கும்போது அந்த வீடு கொடுக்கும் வீடாகிவிடும். கொடுக்கும் கை மேலான கை என்பது நபிமொழி. அந்த மேலான இடத்தைத் தானே வைத்துக்கொள்ள நன்னிமாவுக்கு மனம் வரவில்லை.

பல வருஷம் கழித்து இமாம் கஸ்ஸாலியின் இஹ்யாவில் ஜகாத்தின் உள்ளர்த்தங்களைப் பேசும் பகுதியைத் தமிழில் படித்தேன். 1111-இல் மறைந்தவர். முன்னோர்களில் சிலர் ஏழையின் கையில் காசை வைக்காமல், தம் உள்ளங்கையை விரித்து நீட்டுவார்களாம். அவர் அதிலிருந்து எடுத்துக்கொள்வார், அப்போது அவர் கை மேலே இருக்கும். சிலர் தூங்குகிறவரின் துணி முடிச்சில் கட்டிவிட்டுப் போய்விடுவார்களாம். கண் தெரியாதவராகப் பார்த்துக் கொடுத்தவர்களும் உண்டு. இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. ஆயிஷா நாயகி தர்மம் கொடுத்தனுப்பும்போது, வாங்கியவர் என்ன துஆ, அதாவது வேண்டுதல், செய்கிறார் என்று கேட்டு வரச் சொல்வார்களாம். கேட்டு வந்ததும் அதே துஆவை அவருக்காகத் திருப்பிச் செய்வார்கள். துஆவுக்குத் துஆ சரியாகிவிட்டது, கொடுத்தது கொடுத்தபடியே கலப்பில்லாமல் நிற்கும் என்பது கணக்கு. நன்றியைக்கூட வட்டியாக வைத்துக்கொள்ள மனமில்லாத கணக்கு அது. இவற்றைப் படித்தபோது நன்னிமா இதையெல்லாம் எங்கே கேட்டிருப்பார் என்று யோசித்தேன். ஒருவேளை எங்கேயும் கேட்டிருக்கமாட்டார்.

கூலித்தறிக்காரரின் மகனுக்கு இந்தக் கணக்கு புரிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. பாவு நூல் பீமில் ஏறி வந்து தறியில் மாட்டப்படுகிறது. பார்க்கிறவனுக்கு அது தறிக்காரரின் நூல். அவர் கூரைக்குக் கீழே, அவர் தறியில், அவர் மின்சாரத்தில் ஓடுகிறது. ஆனால் எடைபோட்டு வந்த நூலுக்குத் துணியிலும் கழிவிலும் கணக்குச் சொல்லியாக வேண்டும். நெய்த துணியை உரியவரிடம் கொண்டுபோய் இறக்கும்போது, இந்தா உனக்கு இத்தனை மீட்டர் தானம் செய்தேன் என்று எந்தத் தறிக்காரராவது சொன்னதுண்டா? கணக்கு நேரானதே என்ற நிம்மதியில் வீட்டுக்கு வருவார். மனிதனைச் செல்வத்தின் பொறுப்பாளனாக ஆக்கியிருப்பதாகவும், கேட்பவருக்கும் கேட்க முடியாதவருக்கும் அதில் அறியப்பட்ட உரிமை உண்டு என்றும் குர்ஆன் சொல்வதை நான் இந்த வழியாகத்தான் விளங்கிக்கொண்டேன். ஜகாத் என்பது உரியவரின் நூலை உரியவரிடம் சேர்ப்பது. அதில் பணிவு தனியாகப் பழக வேண்டிய குணமல்ல. நூல் யாருடையது என்று தெரிந்தால் போதும்.

இது தெரிந்திருந்தும் நான் தவறியிருக்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக் கணக்குப் பிரிவில் சில வருஷம் வேலை பார்த்தேன். ஒரு ரமலானில் அரிசியும் மளிகையும் புடவையும் கொண்ட பைகளைக் கொடுக்கும் பொறுப்பு எங்கள் சிலருக்கு வந்தது. படம் எடுத்து அனுப்பும் வேலை எனக்கு. ஒரு பெண் பையை வாங்கினார். நான் செல்பேசியை உயர்த்தியதைப் பார்த்ததும் பையைத் தன் மகளிடம் கொடுத்துவிட்டுச் படச் சட்டகத்துக்கு வெளியே நகர்ந்து நின்றுகொண்டார். ஏழெட்டு வயசுச் சிறுமி. படம் எடுக்கிறார்கள் என்றால் சிரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது; பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நன்றாகச் சிரித்தாள். நான் எடுத்துவிட்டேன். அந்தத் தாய் தனக்கு முடியாததை மகளிடம் தள்ளிவிட்டார் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இல்லை, தள்ளவைத்தவன் நான். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அழித்துவிட்டால் மறந்துவிடுவேன் என்ற பயத்தில் அழிக்கவில்லை.

கூட்டமாக வரவழைத்துக் கொடுக்கும் பழக்கம் உயிரையும் எடுத்திருக்கிறது. 2008 செப்டம்பரில், ரமலான் மாதத்தில், இந்தோனேசியாவின் பசுருவானில் வசதியான ஒரு குடும்பம் வீட்டு வாசலில் ஜகாத் கொடுத்தபோது நெரிசலில் 21 பெண்கள் இறந்தார்கள். 2023 பிப்ரவரியில் நம் வாணியம்பாடியில் தைப்பூசத்தை ஒட்டி இலவசப் புடவைக்கு டோக்கன் வாங்க வந்த 4 பெண்கள் நெரிசலில் மாண்டார்கள். அதே வருஷம் மார்ச் இறுதியில் கராச்சியில் ஒரு தொழிற்சாலையில் ஜகாத் வாங்க வந்த பெண்களும் குழந்தைகளுமாகப் பத்துப் பேருக்கு மேல். மூன்று வாரத்துக்குள் யேமனின் சனா நகரில், வணிகர்கள் தலைக்கு 5,000 ரியால் கொடுத்த ஒரு பள்ளி வளாகத்தில் 70-க்கும் மேற்பட்டோர். கொடுத்தவர்கள் யாரும் சாவை விரும்பியிருக்கமாட்டார்கள். அவர்களின் நிய்யத்தை நான் எடைபோட முடியாது. ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ஆயிரம் பேரை ஒரு வாசலுக்கு வரவழைப்பதைவிட, ஆயிரம் வாசலுக்கு நாம் போவது கடினமா? கடினம்தான். நடக்க வேண்டும், சுமக்க வேண்டும், தெரு தெருவாக யார் வீட்டில் உலை வைக்கவில்லை என்று அறிந்திருக்க வேண்டும்.

சுமந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். நபிகள் நாயகத்தின் கொள்ளுப்பேரர் அலீ இப்னு ஹுசைன், ஜைனுல் ஆபிதீன் என்று அறியப்படுபவர், மதீனாவில் வாழ்ந்தார். அந்நகரில் பல வீடுகளுக்கு இரவில் வாசலில் மாவு வந்து சேரும், யார் வைப்பது என்று தெரியாது. அவர் இறந்த பிறகு அது நின்றுபோயிற்று. குளிப்பாட்டியவர்கள் அவர் முதுகில் மூட்டை அழுத்திய கருந்தழும்பைக் கண்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு வெகு முன்பு, நபிகளின் காலத்தில், தர்மம் செய்யச் சொல்லி வசனம் இறங்கியபோது கையில் எதுவுமில்லாத தோழர்கள் கடைத்தெருவுக்குப் போய் மூட்டை தூக்கி, கூலி வாங்கி, அதிலிருந்து கொடுத்திருக்கிறார்கள். அதிகம் கொண்டுவந்தவரைப் பகட்டு என்றும், கொஞ்சம் பேரீச்சம்பழம் கொண்டுவந்த கூலிக்காரரை இறைவனுக்கு இது எதற்கு என்றும் சிலர் பரிகசித்தார்கள். அந்தப் பரிகாசத்தைக் குர்ஆன் கண்டித்தது. பல்லடத்தில் நூல் மூட்டை இறக்கும் சுமைப்பணித் தொழிலாளர்களின் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு முதுகுகளும் நினைவுக்கு வரும்.

மறைத்துக் கொடுப்பதில் ஒரு நஷ்டம் இருப்பதாகச் சொல்வார்கள்: தகுதியில்லாதவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதற்கும் ஒரு நபிமொழி இருக்கிறது. ஒருவர் இரவில் தர்மம் செய்யக் கிளம்பினார். இருட்டில் அது ஒரு திருடன் கையில் போயிற்று. காலையில் ஊர் பேசியது. மறுநாள் இரவு ஒரு விலைமகள், அதற்கு மறுநாள் ஒரு பணக்காரன். மூன்று முறையும் அவர் இறைவனைப் புகழ்ந்தார். அவருக்குப் பதில் வந்தது: அந்தத் திருடன் திருட்டை விடக்கூடும், அவள் தன் வழியை விடக்கூடும், பணக்காரன் கொடுக்கக் கற்றுக்கொள்ளக்கூடும். இதைக் கேட்கும்போது எனக்கு ஆறுதலாக இருப்பது, ஊர் பேசிய பிறகும் அவர் நான்காவது ஆளைப் பகலில் தேர்ந்தெடுக்கலாம் என்று முடிவு செய்யவில்லை என்பதுதான்.

ஆனாலும் எல்லாக் கொடையும் இருட்டில் நடக்க வேண்டும் என்று நான் வாதாடமாட்டேன். முளர் குலத்தார் கிழிந்த உடையோடு மதீனாவுக்கு வந்த நாளில் அன்சாரி ஒருவர் கை தாங்காத பணப்பையை எல்லோர் முன்னும் கொண்டுவந்து வைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்கள் வரிசையாகக் கொண்டுவந்தார்கள், நபிகளின் முகம் மலர்ந்தது. வெளிப்படையான கொடைக்கு அப்படி ஒரு இடம் உண்டு.

எங்கள் மாவட்டத்திலேயே 2024 மே மாதம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். காங்கேயம் பக்கம் ஒட்டப்பாளையத்தில் கோயில் கட்ட இடமில்லாத இந்துக்களுக்கு அங்குள்ள முஸ்லிம் ஜமாத் தன் நிலத்தில் 3 சென்ட் எழுதிக் கொடுத்தது. விநாயகர் கோயில் எழுந்தது. குடமுழுக்கு நாளில் முஸ்லிம்கள் தட்டுகள் ஏந்திச் சீர்வரிசையோடு போனார்கள், அன்னதானத்துக்கும் பணம் கொடுத்தார்கள். செய்தித்தாள்கள் நல்லிணக்கம் என்று எழுதின. நல்லிணக்கம்தான். எனக்கு அந்தச் சீர் என்ற சொல் பெரிதாகப் பட்டது. கொங்கு நாட்டில் சீர் கொண்டுபோகிறவன் வள்ளலாகப் போவதில்லை. மாமனாக, உடன்பிறந்தானாகப் போகிறான். சீர் செய்வது அவன் கடமை, வாங்குவது அந்த வீட்டின் உரிமை. சீர் கொண்டுவராவிட்டால் கேட்கவும் செய்வார்கள். பந்தியில் வாங்குகிறவர் தலைகுனிய வேண்டியதில்லை. கொடுக்கும்போது எங்கே நின்று கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. மேலே நின்றா, பக்கத்தில் நின்றா? ஒட்டப்பாளையத்தார் பக்கத்தில் நின்றார்கள்.

அப்படிப் பக்கத்தில் நிற்கவைத்த இன்னொன்று நோன்புக் கஞ்சி. மாலையில் பள்ளிவாசல் அண்டாவுக்கு முன்னால் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் போசியோடு நிற்போம். தறி முதலாளி வீட்டுப் பிள்ளையும் தறி ஓட்டுபவர் பிள்ளையும், நோன்பே இல்லாத வீட்டுப் பிள்ளைகளும். யார் வீட்டில் அன்று கஞ்சி மட்டுமே இரவு உணவு என்று அந்த வரிசையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஜும்மாவுக்குப் பின் கணக்கு வாசிக்கும்போது, பெயர் குறிப்பிட விரும்பாத அடியார் என்று ஒரு வரி எப்போதும் வரும். 2020 ரமலானில் ஊரடங்கால் அண்டா ஏறவில்லை. கஞ்சிக்கென்று அரசு பள்ளிவாசல்களுக்குக் கொடுக்கும் அரிசி அந்த வருஷம் வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. வேறு வழியில்லாத காலம், நல்ல காரியம். ஆனால் பிரிக்க ஒரு பட்டியல் தேவைப்பட்டது. அண்டா இருந்தபோது யாருக்கும் பட்டியல் தேவைப்பட்டதில்லை.

உஸ்மானியர் காலத்து இஸ்தான்புல்லில் பள்ளிவாசல் ஓரங்களில் தர்மக் கல் என்று தூண்கள் நின்றன. உச்சியில் ஒரு குழி. கையை உயர்த்திக் குழிக்குள் விடுகிறவர் போடுகிறாரா எடுக்கிறாரா என்று வழியில் போகிறவருக்குத் தெரியாது. நம் பக்கத்துச் சாலைகளில் பழைய சுமைதாங்கிகள் நின்றிருந்தன. வயிற்றில் பிள்ளையைச் சுமந்தபடி இறந்துபோன பெண்ணின் நினைவாக நாட்டிய கல். யார் சுமை, எந்தச் சாதிச் சுமை என்று அது கேட்டதில்லை. சாலை அகலமான இடங்களில் பலவும் போய்விட்டன.

சீதக்காதியின் கதையும் தமிழர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 17-ஆம் நூற்றாண்டுக் கீழக்கரை வணிகர், உமறுப் புலவர் சீறாப்புராணம் பாட ஆதரவு கொடுத்தவர். காப்பியம் முடிவதற்குள் அவர் இறந்துவிட, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அந்தப் பொறுப்பை ஏற்றார். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்ற பழமொழிக்குப் பின்னே, படிக்காசுப் புலவர் தேடிவந்து அழுதபோது கபுரிலிருந்து மோதிரத்தோடு கை நீண்டது என்ற வழக்கு இருக்கிறது. அது நடந்ததா என்று நான் ஆராயவில்லை. அந்தக் கையைத்தான் யோசிக்கிறேன். முகம் மண்ணுக்குள் இருக்கிறது. வாங்குபவர் யார், எப்படி நன்றி சொல்கிறார் என்று அதனால் பார்க்க முடியாது. புகழ் காதில் விழாது. மனிதன் இறந்த பிறகும் அறுபடாமல் தொடர்பவற்றில் ஒன்றாக நபிகள் சொன்ன சதக்கா ஜாரியாவைத் தமிழ் மக்கள் இப்படி ஒரு கையாகக் கண்டார்கள் என்று எனக்குப் படுகிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இதுவரை எழுதியது எதற்கும் பெறுமானமில்லை. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்னார்கள் நபிகள். இறைவன் தூயவன், தூய்மையானதையே ஏற்பான் என்றும் சொன்னார்கள். நாங்கள் வாழ்வது கூலியில் ஓடும் ஊர். பிக் கணக்கில் கூலி, பீஸ் கணக்கில் கூலி. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஓவர்லாக்கிலும் செக்கிங்கிலும் நிற்பவர்களின் கூலி. வருஷம் முழுதும் அதில் பிடித்து வைத்ததை ரமலானில் புடவையாகக் கொடுத்தால், அது யாருடைய புடவை? அடுத்தவன் பாவில் நூலை உருவி வைத்துக்கொண்டு அவனுக்கே துண்டு நெய்து போர்த்துவது போன்றது. இதைப் பயானில் உரக்கச் சொல்ல வேண்டும். தன்மானத்தோடு வாங்கும் கூலி பத்து ஜகாத்துப் பைகளைத் தேவையில்லாமல் ஆக்கிவிடும்.

அந்த 2025 ரமலானின் கடைசி வாரத்தில், தராவீஹ் முடிந்த பிறகு, மூன்று வீடு தள்ளி இருக்கும் ஒருவர் வீட்டுக்குப் போனேன். என்னைவிட மூத்தவர், ஆறு தறிக்காரர். முந்தைய வருஷங்களில் கஞ்சிக் கணக்கில் வந்த பெயரில்லாத வரிகளில் ஒன்று அவருடையது என்று எனக்குத் தெரியும். நாங்கள் பின்பற்றும் சட்டமரபான மத்ஹபில் ஜகாத்தைக் கொடுக்கும்போது ஜகாத் என்று வாங்குபவரிடம் சொல்ல வேண்டியதில்லை. கொடுப்பவன் மனதில் நிய்யத் இருந்தால் நிறைவேறிவிடும். சட்டமே அவருக்காக ஒரு பின்வாசலைத் திறந்து வைத்திருந்தது.

"பிள்ளைங்களுக்குப் பெருநாள் காசுங்கண்ணா" என்றேன். உறை சற்றுக் கனமாகவே இருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது என்று எனக்கும் தெரிந்தது. அவருடைய முகத்தைப் பார்க்காமல் தறிக்குடோன் பக்கம் பார்த்தபடி கோழித் தீவனம் விலை ஏறியதைப் பற்றி ஏதோ பேசினேன். பெருநாளன்று எங்கள் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு ஒரு போசி பிரியாணி போயிற்று. போசியைத் திருப்பிக் கேட்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் தறிகள் ஓடத் தொடங்கின. ஒரு சனிக்கிழமை காலையில் அவர் மகன் அந்தப் போசியைக் கொண்டுவந்தான். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக் கூடாதென்பது இங்கே எல்லா வீட்டுக்கும் உள்ள வழக்கம். உள்ளே உருளைபோல் சுருட்டி வைத்த முருங்கைக்கீரை இருந்தது, அப்போதுதான் பறித்தது.

வாங்கிக்கொண்டு, "அத்தாகிட்டச் சொல்லு கண்ணு, சாயங்காலம் ஏணி கேட்டு வருவேன்னு" என்றேன். எங்கள் வீட்டிலும் ஓர் ஏணி சுவரில் சாய்ந்துதான் நின்றது. தறிச் சத்தத்தில் அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. காதில் கையை வைத்து என்னங்க என்றான். தெருவில் இரண்டு மூன்று பேர் போய்க்கொண்டிருந்தார்கள். நான் இன்னும் உரக்கச் சொன்னேன்.